ஒரு வாக்கியத்துக்கு நான் போட்ட டிக்

எங்கள் மாலை வகுப்பின் ஆண்டு மலருக்கு ‘நமது பாடமுறை’ என்ற தலைப்பில் இரண்டு பக்கம் வேண்டும் என்று ரமேஷ் கேட்டார். இப்போது வகுப்பை நடத்துகிறவர் அவர்தான். கேட்க வந்த அன்று கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து காட்டினார். எந்த வினைச்சொல்லைக் கொடுத்தாலும் அது நொடியில் இருபது ஆங்கில வாக்கியம் எழுதிவிடுகிறது. படித்துப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. “இனி வாக்கியத்துக்கு நாம அலையவேண்டாம் சார்” என்றார்.

எனக்கோ அலைந்த நாட்கள்தான் வேண்டும் போலிருந்தது. அந்த நாட்களில் பாடமுறையும் இருக்கிறது, அதை நான் கெடுத்த விதமும் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனம் வரவில்லை. எனவே ரமேஷ் கேட்டதைவிட இது சற்று நீளம்.

என் ஊர் ஓட்டப்பிடாரம் பக்கம். தமிழ்வழியில் படித்து, பாளையங்கோட்டையில் ஆங்கில முதுகலை முடித்து, தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகச் சேர்ந்தேன். இலக்கணம் தலைகீழாகத் தெரியும், பேச்சு வராது. ஒருநாள் கடற்கரைச் சாலையில் வெளிநாட்டு மாலுமி ஒருவர் தபாலாபீசுக்கு வழி கேட்டார். எந்தக் காலத்தில் பதிலை ஆரம்பிப்பது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் பழக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார். பழக்கடைக்காரர் சொன்னது இரண்டே சொல். அந்த வெட்கம்தான் என்னைப் பர்னாந்து சாரிடம் கொண்டுபோய் விட்டது.

பர்னாந்து சார் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையின் மாடியில் மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். கீழேயிருந்து புதுக் கயிற்றின் வாசமும் பெயின்ட் வாசமும் மேலே வரும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்றில் நோட்டுகள் புரளும், எல்லோரும் முழங்கையை வைத்து அழுத்திக்கொண்டு எழுதுவார்கள். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாக்கள், உப்பளக் கணக்கர்கள், வளைகுடா போக இருந்தவர்கள், நர்சுகள். எல்லாம் வளர்ந்த ஆட்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து “ஐ” என்று ஆரம்பித்துத் திணறுவார்கள். நானும் அவர்களோடு உட்கார்ந்து திணறினேன். ஒரு வருஷத்தில் பேச்சு வந்தது. பிறகு அவருக்கு உதவியாக அங்கேயே நின்றுவிட்டேன்.

அவருடைய பாடம் மூன்று பத்திதான். கரும்பலகையில் இரண்டு கோடு இழுப்பார். நடுவில் வினைச்சொல்: enjoy, stop, keep, avoid. வலப்பக்கம் அதன் பின்னால் வரும் தொழிற்பெயர்: cooking, talking, waiting. இடப்பக்கம் வினையடை: slowly, loudly, quietly. தமிழில் நாம் ‘பேசுவதை நிறுத்தினான்’ என்கிறோம். ஆங்கிலத்தில் முதலில் நிறுத்தவேண்டும், அப்புறம்தான் எதை நிறுத்தினோம் என்று சொல்லவேண்டும். இந்த இரண்டும் இடம் மாறாது. வினையடை மட்டும் விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, எங்கே உட்காரும் என்று சொல்லமுடியாது. வினைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒரு எடை, கடைசியில் போய் உட்கார்ந்தால் வேறு எடை.

இதைச் சொல்லிமுடிக்கப் பத்து நிமிஷம். மீதி நேரம் முழுக்க வாக்கியங்கள். ஆளுக்கு ஒன்று கொண்டுவரவேண்டும். புத்தகத்திலிருந்து எடுக்கக்கூடாது. அது நேற்று, தன் வீட்டில், தனக்கு நடந்ததாக இருக்கவேண்டும்.

நான் உதவியாளனாகச் சேர்ந்த முதல் வாரம். காயல்பட்டினத்திலிருந்து பைக்கில் வரும் காதர் எழுந்து, தன் மனைவி தன்னைச் சத்தமாகத் திட்டி மகிழ்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லவந்தார். “My wife enjoying scold me loudly” என்று வந்தது. நான் சாக்கட்டியோடு பலகைக்குப் போனேன். பர்னாந்து சார் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். காதரைப் பார்த்து, சத்தமாக ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

காதர் ஆங்கிலத்தைத் தேடி, கிடைக்காமல், “பக்கத்து வீட்டுக்கும் கேக்கணுமாம் சார்” என்றார்.

வகுப்பு சிரித்தது. “என்ன செஞ்சீரு நீரு?”

“மீன் வாங்கிட்டு வரச் சொன்னா. நான் மீனை வண்டியில தொங்கவிட்டுட்டு ஒரு மௌத்து வீட்டுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா பூனை தின்னுட்டு.”

“இதை இங்கிலீஷ்ல சொல்லும்.”

கால் மணி நேரம் ஆயிற்று. மீன், வண்டி, துக்க வீடு, பூனை எல்லாம் ஒவ்வொன்றாக உடைந்த ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தன. கடைசியில்தான் சார் முதல் வாக்கியத்தைச் சரியாக ஒருதரம் சொன்னார். காதர் அதைத் திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் திருத்தம். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சார் தானே எழுந்து பலகை முழுவதையும் ஈரத்துணியால் துடைத்தார். தினமும் துடைப்பார், வேறு யாரையும் துடைக்கவிடமாட்டார்.

எல்லோரும் போனபிறகு என்னிடம் சொன்னார்: “ஒருத்தன் தன் வீட்டுச் சங்கதியச் சொல்லுதான். நீரு அதுல ஐ.என்.ஜி. எங்கன இருக்குன்னு பாக்கீரு. மொதல்ல பதில் சொல்லும்வே. பெறவு திருத்தும். இன்னொண்ணு, இங்க சொன்னது படியிறங்கக் கூடாது. அப்பந்தான் நாளைக்கும் சொல்லுவான்.”

சரி சார் என்றேன். நேரத்தை வீணாக்குகிறார் என்று மனதுக்குள் நினைத்தேன்.

இப்போது அந்த நேரத்துக்காகத்தான் ஏங்குகிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஆறு மணி ஆனால் காது தானாக எதையோ எதிர்பார்க்கிறது. மாடிப்படியில் செருப்புச் சத்தம், பெஞ்சு இழுபடும் சத்தம், யாரோ “நீ மொதல்ல சொல்லு” என்று பக்கத்து ஆளை இடிப்பது. கப்பல் குமாஸ்தா ஒருவர் தன் மச்சினனைச் சந்திப்பதை எப்போதும் தவிர்ப்பதாக ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தவிர்ப்பதை விட்டுவிட்டேன் என்றார். வகுப்பு கைதட்டியது. அந்த மச்சினனை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

பல வருஷம் கழித்துச் சாருக்கு முழங்கால் போயிற்று. செவ்வாய்க்கிழமை மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவார். மற்ற நாட்களில் வகுப்பு என் கையில். பேருந்து நிலையம் பக்கம் பெரிய விளம்பரப் பலகையோடு வேறொரு ஆங்கிலப் பயிற்சி நிலையம் வந்து எங்களுக்கு ஆள் குறைந்திருந்தது. நான் இரண்டு மாற்றம் செய்தேன். ஒன்று, வாக்கியத்தை வாயால் சொல்லவேண்டாம், நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றேன். நாற்பது நோட்டையும் ஒரு மணி நேரத்தில் திருத்திவிடலாம். சிவப்பு மையால் சுழி அல்லது டிக். இரண்டாவது, மாடிப்படியின் அடியில், தெருவைப் பார்த்து ஒரு சின்னக் கரும்பலகை மாட்டினேன். ‘இந்த வாரத்தின் வாக்கியம்’ என்று தலைப்பிட்டு, சிறந்த ஒன்றை எழுதியவர் பெயரோடும் தொழிலோடும் எழுதிவைப்பேன். போகிறவர் வருகிறவர் நின்று படித்தார்கள். ஆள் சேர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

ரோஸ்லின் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். இருபத்தெட்டு வயதிருக்கும். ஆலந்தலையில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் கப்பலில் வேலைக்குப் போனவர். இரண்டு வருஷமாகக் கடிதம் இல்லை, போன் இல்லை. கப்பல் முழுகவில்லை, ஆள் வேறெங்கோ இருந்துகொண்டார். வீட்டில் மட்டும் அடுத்த மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவான் என்ற பேச்சு. மாமியாரும் கொழுந்தனும் ரோஸ்லினும் அந்த ஒரே வீட்டில் இருந்தார்கள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்க அடுத்த திங்கட்கிழமை கொச்சியில் நேர்முகத் தேர்வு இருந்தது. வீட்டில் சொல்லாமல் ரோஸ்லின் அதற்குத் தயாராகிக்கொண்டிருந்தார். இதில் ஒன்றும் அன்று எனக்குத் தெரியாது. வாயால் பேசச் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்.

வினையடையை வினைக்கு ஒட்டி உட்காரவைக்க மூன்று வாரமாக முட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்பது நோட்டிலும் அது கண்ட இடத்தில் கிடந்தது. நாற்பதாவது நோட்டில் இப்படி இருந்தது:

I have quietly stopped waiting for my husband.

என் கணவருக்காகக் காத்திருப்பதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன். இப்போது தமிழில் எழுதும்போதுதான் அது எனக்குக் கேட்கிறது. அன்று கேட்கவில்லை. வினையடை, வினை, தொழிற்பெயர் மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. கணவர் என்பது அன்று எனக்கு வெறும் பெயர்ச்சொல். பெரிய டிக் போட்டு, வெரி குட் என்று எழுதி, கீழே இறங்கிப் போய்த் தெருப் பலகையில் அழகான கையெழுத்தில் எழுதினேன். அதன் அடியில் பெயர், செவிலியர். அது திங்கட்கிழமை. நோட்டை வெள்ளிக்கிழமையே கொடுத்திருந்த ரோஸ்லினுக்கு அன்று மாலை டூட்டி, வகுப்புக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை பர்னாந்து சார் ஆட்டோவிலிருந்து இறங்கிப் பலகை முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். நான் இறங்கிப் போனேன்.

“இந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்னீரு?”

“டிக் போட்டேன் சார்.”

“அதக் கேக்கல.”

அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, ஓர் எழுத்துகூட மிஞ்சாமல் துடைத்தார். அன்று அவர் மாடி ஏறவில்லை. அதே ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டார்.

ஆனால் காலையிலேயே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கொழுந்தன் வேலைக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்திருக்கிறார். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர். போனில் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி, அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பீரோவைக் குடைந்ததில் நேர்முகத் தேர்வுக் கடிதமும் அகப்பட்டது. கடிதத்தைக் கிழித்து, பாஸ்போர்ட்டைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஐந்தரை மணிக்கு ரோஸ்லின் வெள்ளைச் சீருடையோடு வந்து மாடிப்படியில் பாதியில் நின்றார். நடந்ததைச் சொன்னார். பிறகு, “வாக்கியத்துல தப்பு ஒண்ணும் இல்லேல்லா சார்?” என்றார்.

“இல்லம்மா.”

“அப்ப அத நீங்க எழுதினதுன்னு சொல்லிருங்க. பாடத்துக்காக எழுதினது, பேரு மாறி விழுந்துட்டுன்னு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு மாமியும் கொழுந்தனும் வீட்லதான் இருப்பாவ. நீங்க வந்து சொன்னா கேப்பாவ. கடிதத்துக்கு நகல் ஆஸ்பத்திரில வச்சிருக்கேன். பாஸ்போர்ட் மட்டும் வந்துட்டா அன்னைக்குச் சாயங்காலமே கொச்சிக்குப் போயிருவேன்.”

“பொய் சொல்லச் சொல்லுதீங்க.”

“ஆமா சார். பொய்தான்.”

வருகிறேன் என்று சொன்னேன். ரோஸ்லின் படியிறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். தெருமுனையில் டீக்கடை. அங்கிருந்தே அந்த வீட்டு வாசல் தெரிந்தது. வாசற்படியில் கொழுந்தன் இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒரு டீ சொல்லிவிட்டு நின்றேன். அந்த வாக்கியத்தை நான் எழுதினேன் என்று சொன்னால், கல்யாணமான ஒரு பெண்ணைப் பற்றி நீ ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். வாத்தியாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன என்று பேச்சு வரும். அந்த வாரம்தான் என் மகளைப் பெண்பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து வருவதாக இருந்தார்கள். நினைத்துக்கொண்டே டீயைக் குடித்தேன். குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். மதியத்துக்குள் ரோஸ்லினிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கொச்சியில் தேர்வு நடந்தது. ரோஸ்லின் அதில் இல்லை. வகுப்புக்கும் அதன்பிறகு வரவில்லை.

அடுத்த செவ்வாய் பர்னாந்து சார், “அந்த நர்ஸ் பிள்ளையக் காணலையே?” என்று கேட்டார். டூட்டி மாறியிருக்கும் சார் என்றேன். ரோஸ்லினுக்காகச் சொல்லத் துணியாத பொய்யை எனக்காகத் தயக்கமில்லாமல் சொன்னேன். சார் அடுத்த வருஷம் காலமானார். கடைசிவரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நெடுநாள் என்னையே சமாதானப்படுத்தி வந்தேன். அவர்தான் கேட்டாரே.

வகுப்பை அப்புறமும் பல வருஷம் நடத்தினேன். தெருப் பலகையைக் கழற்றினேன். வாக்கியத்தை மறுபடி வாயால் சொல்லச் சொன்னேன். பழைய பேச்சு திரும்பவில்லை. ஆட்கள் மாறியிருந்தார்கள், போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். அதைவிட, நான் கேள்வி கேட்கும்போது என் குரலில் ஏதோ குறைந்தது, அது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றபின், சென்ற வருஷம், ஒரு காலையில் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார் மட்டும் இருந்தார். முறத்தில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே நிமிர்ந்து பார்த்து, “நீங்கதான அந்த வாத்தியாரு” என்றார்.

“எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு டீக்கடைல நின்னிய. நான் உள்ள சன்னல்கிட்ட இருந்தேன். வாத்தியாரு வந்து பேசுவாவன்னு அவ சொல்லியிருந்தா. இஸ்திரிச் சட்டையோட நம்ம தெருவுல ஞாயித்துக்கிழமை வேற யாரு வந்து நிப்பா. இப்ப வருவாவ, இப்ப வருவாவன்னு பாத்துட்டே இருந்தேன்.”

நான் உட்கார்ந்தேன். அவர் இறாலை உரித்துக்கொண்டே பேசினார்.

“பீரோவுக்கு ரெண்டு சாவி. சின்னவன் எடுத்துட்டுப் போனது ஒண்ணு. இன்னொண்ணு எங்கிட்ட. எம் மூத்தவன் வரமாட்டான்னு அவளுக்கு முந்தியே எனக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாதா. ஆனா சின்னவன எதுத்து நானா எப்படிப் பேச? நான் அவன் நிழல்ல இருக்கவ. வெளியாளு ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும், படிச்சவரே சொல்லிட்டாருன்னு அதச் சாக்கா வச்சு எடுத்துக் குடுத்திருவோம்னு இருந்தேன். அன்னைக்கு முழுக்கச் சாவி என் மடியிலதான் இருந்துச்சு.”

“நான் வந்திருந்தா...”

“நீங்க பொய் சொன்னாலும் சரி, நெசம் சொன்னாலும் சரி. வந்தா போதும்னு இருந்தேன்.”

அதை அவர் கோபமில்லாமல் சொன்னார். ரோஸ்லின் இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டை விட்டுத் தன் அம்மாவோடு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாராம். அதற்கும் பல வருஷம் கழித்து இன்னொரு முறை முயன்றபோது வெளிநாட்டு வேலைக்கு வயது கடந்துவிட்டதாம். இப்போது அதே மருத்துவமனையில் ஒரு வார்டுக்குப் பொறுப்பாளர். “மாசம் ஒருக்க வந்து எனக்குச் சுகர் பாத்துட்டுப் போவா” என்றார் அந்த அம்மாள்.

ரோஸ்லினை அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. ரமேஷ் இந்தக் கட்டுரையைக் கேட்டபிறகு எழுதி முடித்து, அவரிடம் கொடுப்பதற்கு முன் தாள்களை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். டூட்டி முடியும்வரை வெளி பெஞ்சில் காத்திருந்தேன். கண்ணாடி போட்டிருந்தார், முன்னந்தலையில் நரை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். வாங்கிப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசிவரை வாசித்தார்.

“பேரு வேற போடுங்க சார்” என்றார். எந்தப் பெயர் என்று கேட்டேன். ரோஸ்லின் என்று அவரே வைத்தார்.

“மாமி சொன்னது அப்படியே இருக்கட்டும். கொழுந்தன் வேலை பாக்குற எடத்த எடுத்துருங்க, அவரு பிள்ளைகளும் பெரிசாயிட்டு. மாடிப்படியில நான் அழுததா எழுதியிருக்கிய. நான் அழல சார்.”

அழுததாகத்தான் எனக்கு ஞாபகம்.

“வேர்த்திருக்கும். பஸ்ஸுக்கு நிக்காம நடந்து வந்தேன் அன்னைக்கு.”

அவருடைய பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். அவர் கடைசித் தாளைத் திருப்பினார்.

“இங்க ஒரு பத்தி முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கிய.”

“ஆமா.”

“அதையும் எடுத்துருங்க. ஊரே வாசிக்கதுல கேட்டா அது எனக்கு எப்படி வந்து சேரும்? எங்கிட்ட கேக்கணும்னா இப்ப கேளுங்க. இங்கதான இருக்கேன்.”

கேட்டேன். தமிழில்தான் கேட்டேன், சரியாக வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பதில் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு என்று கேட்டாள். தாள்களை வாங்க வந்த ரமேஷும் கேட்டார். நான் இருவருக்கும் சொல்லவில்லை.